முருகம்மாளின் பத்து மணி டெஸ்ட்

1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பது. மேலூரில் எங்கள் தெருவில், எதிர்வீட்டு முருகம்மாள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கத் தன் வீட்டு அம்பாசிடர் காரைக் கிளப்பினாள். வாசலை விட்டுத் தெருவுக்குப் பன்னிரண்டு அடி வந்திருப்பாள். இரண்டாம் கியருக்கு மாற்றப் போனபோது, ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கியர்த் தடி அவள் கையில் தொளதொளவென்று ஆடியது. மேலே தள்ளினால் மேலே போயிற்று. கீழே இழுத்தால் கீழே வந்தது. கார் மட்டும் ஒன்றாம் கியரிலேயே சிக்கி நின்றுவிட்டது.

அன்று பத்து மணிக்கு மதுரையில் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். மேலூரிலிருந்து டெஸ்ட் நடக்கும் மைதானத்துக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். எட்டரைக்காவது புறப்பட வேண்டும்.

அந்த ஒரு டெஸ்டில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது மேலூருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய பிரசவ மருத்துவமனையில் எழுத்தர். வண்டிப் பதிவேடு என் பொறுப்பு. எங்கள் வேனின் டிரைவர் ஆகஸ்டில் விலகிவிட்டார். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வலி கண்ட பெண்களை ஏற்றிவர ஒரு பெண்ணே வண்டி ஓட்டினால் நல்லது என்பது டாக்டரம்மாவின் எண்ணம். முருகம்மாளைப் பற்றி நான் சொன்னேன். அவர் கொடுத்த கெடு செப்டம்பர் 10, மாலை ஐந்து மணி. அதற்குள் டெஸ்டில் தேறியதாகத் தாள் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் மறுநாள் காலையில் வேறொரு ஆள் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். அவருக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது.

முருகம்மாளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நாற்று நடப் போனாள். பதினெட்டு வயதில் வீரணனுக்கு வாழ்க்கைப்பட்டு மேலூர் வந்தாள். வீரணன் ஒரு அரிசி ஆலை முதலாளியிடம் பதினொரு வருடம் கார் ஓட்டினான். முதலாளி புது வண்டி வாங்கியபோது பழையதை இவனே எடுத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினான். 1982 டிசம்பரில் கல் ஏற்றிய லாரி ஒன்று ஓரத்தில் இடித்ததில் அவன் இடது தோள் முறிந்தது. எலும்பு கூடிற்று, ஆனால் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. கியர் போட இடது கை வேண்டும். கார் பதினாறு மாதம் ஓலைக்கொட்டகையில் நின்றது. முருகம்மாள் கல்குவாரியில் ஜல்லி உடைக்கப் போனாள்.

1984 ஏப்ரலில் கண்மாய் வற்றியதும், வீரணன் அவளைக் காரில் உட்கார வைத்துக் கண்மாய்க்குள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, நாற்பத்தொரு நாள். அவன் கற்றுக்கொடுத்த விதத்தை நான் கரையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"கிளச்ச மிதிடி! அது என்ன தையல் மிசினா, தட்டித் தட்டி மிதிக்கிற?"

"நீங்க கத்துற கத்துல கண்மாயி மீனு செத்துப்போகும்."

"தண்ணியே இல்ல, மீனு எங்கிட்டு இருக்கு? முன்னாடி பாரு!"

அந்த வீட்டில் இன்னொருத்தி உண்டு. வீரணனின் அக்கா ஒச்சம்மாள். புருஷன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சந்தையில் காய்கறி விற்பவள். ஐந்து மாதமாக அவள் வாய் ஓயவில்லை. "வீரணன் பொண்டாட்டி காரோட்டுறா, வீரணன் பின்னாடி உக்காந்து பூக் கட்டுறானாம்னு சந்தையில சிரிக்கிறாளுக. எம்புட்டு நாளைக்கு நான் கேட்டுக்கிட்டு இருக்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

வீரணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். "என்னடி ஆச்சு?"

"கியரு ஆடுது. எதுலயும் விழுக மாட்டேங்குது."

"கிளச்ச நல்லா மிதிச்சியா?"

"மிதிக்காமத்தான் தெருவுக்கு வந்தேனா?"

முருகம்மாள் இறங்கி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்மூடியைத் தூக்கினாள். அந்தக் காரில் கியர்த் தடியின் அசைவு, ஸ்டியரிங் தண்டு வழியாகக் கீழே இறங்கி, ஒரு சிறு நெம்புகோலுக்கு வந்து, அங்கிருந்து ஒரு இரும்புக் கம்பி வழியாக கியர் பெட்டிக்குப் போகும். அந்தக் கம்பியின் முனை நெம்புகோலின் துளைக்குள் நுழைந்திருக்கும். முனை நழுவாமல் இருக்க ஒரு வாஷரும், அதற்கு வெளியே குறுக்காக ஒரு பின்னும் உண்டு. காட்டர் பின் என்பார்கள். இரண்டு கால் உள்ள பின். கம்பி முனையில் உள்ள சிறு துளைக்குள் அதைச் செருகிக் கால்களை அகட்டிவிட்டால் கழலாது.

அன்று அந்தக் கம்பி துளையை விட்டு நழுவிக் கீழே தொங்கியது. பின்னும் இல்லை, வாஷரும் இல்லை.

"காட்டர் பின் போன மாசமே ஒடிஞ்சுபோச்சு. கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டிருந்தேன்" என்றான் வீரணன். "நேத்துச் சாயங்காலம்கூட இருந்துச்சு. காரைக் கழுவுறப்ப நானே பாத்தேன்."

"தானா கழண்டிருக்குமா?"

"மூணு முறுக்கு முறுக்குனேன். அது எப்பிடித் தானா கழலும்? யாரோ வேணும்னுட்டு உருவியிருக்கான்."

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான். தண்ணீர்க் குடத்தோடு ஒச்சம்மாள் வாசலில் நின்றிருந்தாள். முந்தின நாள் மாலை முன்மூடி திறந்திருந்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் அவளையே பார்த்தான்.

"என்னைய எதுக்குடா அப்பிடிப் பாக்குற?"

"நீதான இத்தன நாளா வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டிருந்த?"

ஒச்சம்மாள் குடத்தோடு திரும்பினாள். அவள் பேசாமல் உள்ளே போனதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மணி ஏழு பத்து.

மெக்கானிக் கண்ணுச்சாமியின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. சனிக்கிழமையே கொட்டாம்பட்டிக்கு மகள் வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றார்கள். பஸ் ஸ்டாண்டு அருகில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும்.

திரும்பி வந்தபோது முருகம்மாள் கம்பி முனையைத் துளைக்குள் திருப்பி வைத்து, பின்னுக்குப் பதிலாக ஒரு ஆணியைச் செருகியிருந்தாள். தடியை ஒருமுறை அசைத்ததும் ஆணி கழன்று விழுந்தது. அதை வளைக்கப் பார்த்தாள், வளையவில்லை. பழைய மின் வயரை உரித்துச் செம்புக் கம்பியை முறுக்கினாள். அது இரண்டாம் அசைவில் அறுந்தது. தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிப் போட்டாள். அது துளைக்குள் வளைந்து நசுங்கிற்று.

"ஒண்ணாம் கியர்லயே மதுரை வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போயிருவமா?" என்றான் வீரணன்.

"போயி? இன்ஸ்பெக்டரு பின்னால எடுன்னு சொன்னா எறங்கித் தள்ளச் சொல்றதா?"

அவன் வலது கையால் தலையில் அடித்துக்கொண்டான். "இரு, நான் பாக்குறேன்" என்று குனிந்தான். ஒற்றைக் கையால் குறடைப் பிடித்து, அதே கையால் கம்பியைத் தாங்க முடியவில்லை. குறடு கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. முருகம்மாள் எடுத்தாள்.

ஏழு நாற்பதுக்கு அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காரின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. முன்பம்பரின் அடியில் ஒரு எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. திருஷ்டிக்குக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை அது அங்கே இல்லை. அதைக் கோத்திருந்தது ஒரு கட்டுக்கம்பி. கம்பியில் கறுப்பாக கிரீஸ் ஒட்டியிருந்தது. நடுவில் மூன்று முறுக்குத் தழும்பு.

அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மதினி. இந்தக் கம்பியை எங்கன எடுத்தீக?"

ஒச்சம்மாள் வந்தாள். பழத்தைப் பார்த்தாள், திறந்து கிடந்த முன்மூடியைப் பார்த்தாள். "ஆத்தி" என்றாள். "அதுவா?"

"என்ன அதுவா?" என்றான் வீரணன்.

"நான்தேன்டா. நீங்க ரெண்டு பேரும் கொழாயடிக்குப் போனப்ப... நூல்ல கட்டுனா காரு சூட்டுல அந்துபோகுமேன்னு கம்பி தேடுனேன். உள்ளாற ஒண்ணு சும்மா துருத்திக்கிட்டு இருந்துச்சு. வேலையத்த கம்பின்னு உருவிட்டேன்."

"காருக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னு காரையே கழட்டிட்டியேக்கா!"

"எனக்கென்னடா தெரியும் அந்தக் கருமம்? எல்லாங் கம்பியாத்தான் இருக்கு!"

முருகம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்காகவா கட்டுனீக?"

"பின்ன, அந்த இன்சுபெட்டருக்கா கட்டுவேன்? ஊர்க்கண்ணு அம்புட்டும் ஒம் மேலதான இருக்கு. நானும் நாலு பேத்து முன்னாடி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா?" உடனே குரல் அதட்டலாக மாறியது. "அவுத்துக்கடி. பழத்தை நான் வேற எதுலயாச்சும் கட்டிக்கிறேன்."

கம்பியை அவிழ்த்தார்கள். முருகம்மாள் அதைத் திருப்பித் துளையில் போட்டு முறுக்கினாள். முதல் முறுக்கு நின்றது. இரண்டாவது முறுக்கில் பழைய தழும்பு இருந்த இடத்தில் பட்டென்று ஒடிந்தது. கட்டுக்கம்பி அப்படித்தான். ஒருமுறை முறுக்கி அவிழ்த்தால் அதற்கு உயிர் இருக்காது. மணி ஏழு ஐம்பத்தைந்து.

வாஷரையாவது தேடலாம் என்று ஒச்சம்மாள் தெருவில் குனிந்தாள். வாசலிலிருந்து கார் நகர்ந்த அந்தப் பன்னிரண்டு அடி மண்ணையும் கையால் துழாவினாள். சாக்கடை விளிம்பில் கிடைத்தது. "இந்தா" என்று நிமிர்ந்தபோது கொண்டை சரிந்துவிட்டது. கொண்டையிலிருந்து ஊசியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மயிரை அள்ளி முடியப் போனாள்.

"மதினி" என்றாள் முருகம்மாள். "வாயில இருக்கிறத இங்க குடுங்க."

கொண்டை ஊசிக்கும் இரண்டு கால். உருக்குக் கம்பி, கனமும் சரியாக இருந்தது. துளைக்குள் இறுக்கமாக நுழைந்தது. முருகம்மாள் குறடால் அதன் கால்களை ஒன்றை ஒன்றுக்கு எதிராக அகட்டி மடக்கினாள். நெம்புகோலின் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்ததால் கம்பி முனை இன்னும் ஆடியது. பழைய ரப்பர்ச் செருப்பை எடுத்துக் கத்தரித்து, நடுவில் ஓட்டையிட்டு, வாஷருக்கு அடியில் கொடுத்தாள். அதற்காக எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. பதினாறு நிமிடம் ஆயிற்று.

கியர் விழுகிறதா என்று பார்க்க ஒருவர் உள்ளே இருந்து தடியைத் தள்ள வேண்டும். வீரணன் பின்னைக் கவனித்துக்கொண்டு ஒரு பக்கம் குனிந்திருந்தான். முருகம்மாள் மறுபக்கம்.

"மதினி, உள்ள ஏறி உக்காருங்க. இடது காலுக்கு நேரா இருக்கிறத அமுக்கிக்கிட்டு, நான் சொல்றப்ப தடியத் தள்ளுங்க."

"நானா?" ஒச்சம்மாள் பின்வாங்கினாள். "எனக்கு லைசென்சு இல்லையே!"

"வண்டி ஓடலக்கா, ஏறு!" என்று வீரணன் கத்தினான்.

அவள் ஏறினாள். அவிழ்ந்த தலையோடு, காலை எக்கி கிளச்சை அமுக்கி, முருகம்மாள் சொன்னபடியெல்லாம் தடியைத் தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பின்கியர். எல்லாம் விழுந்தன. பின்கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்து விழுந்தது. மணி எட்டு முப்பத்திரண்டு.

"போயிருவமா?" என்றான் வீரணன்.

"போயிருவோம்" என்றாள். குளிக்க நேரமில்லை. கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு சேலையை மட்டும் மாற்றி வந்தாள். முன்னால் அவளும் வீரணனும், பின்னால் ஒச்சம்மாளும் நானும். நான் டெஸ்டின் முடிவை டாக்டரம்மாவிடம் கொண்டுபோக வேண்டியவன். ஒச்சம்மாளை யாரும் வரச் சொல்லவில்லை. "என் ஊசி போற எடத்துக்கு நான் வருவேன்" என்று ஏறிக்கொண்டாள்.

வழி நெடுக, கியர் மாற்றும்போதெல்லாம் நான்கு பேரும் மூச்சைப் பிடித்தோம். ஒத்தக்கடையில் மாட்டுவண்டிகள் குறுக்கே நின்றபோது இரண்டாம் கியருக்கு இறக்கினாள். தடி கொஞ்சம் ஆடியது, பிறகு விழுந்தது. யானைமலை தாண்டியதும் வீரணன் ஒருமுறை, "பைய மாத்து, பைய" என்றான். "பையத்தான மாத்துறேன்" என்றாள். மைதானத்தை அடைந்தபோது ஒன்பது நாற்பத்தெட்டு.

டெஸ்டுக்கு வந்தவர்கள் பதினொரு பேர். முருகம்மாள் ஒன்பதாவது. மற்ற அத்தனை பேரும் ஆண்கள். கே.கே. நகர்ப் பக்கம் அப்போது புதிதாகப் போட்ட சாலைகளில் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரோடும் ஒரு சுற்றுப் போய் வந்தார். ஒரு சுற்றுக்கு ஆறு அல்லது ஏழு நிமிடம். அதற்கு மேல் யாருக்கும் ஆகவில்லை.

பதினொன்று பன்னிரண்டுக்கு முருகம்மாளைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வெள்ளைச் சட்டை போட்ட நடுவயதுக்காரர், கறாரான முகம். அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் நகர்ந்து திரும்பி, கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது.

பதினொன்று இருபதுக்கு வரவில்லை. இருபத்து மூன்றுக்கும் வரவில்லை. வரிசையில் நின்ற ஒருவன், "அம்மணி இன்ஸ்பெக்டரை மேலூருக்கே கூட்டிக்கிட்டுப் போயிருச்சு போலயே" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஒச்சம்மாள் அவனை நோக்கித் திரும்பினாள்.

"ஒன் காரு டெஸ்டு முடிஞ்சதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சாமியக் கும்புட்டுக்கிட்டு நில்லு. ஒனக்கும் இதே இன்சுபெட்டருதான்."

ஒச்சம்மாள் தம்பி பக்கம் நகர்ந்தாள். "ஊசி விழுந்திருச்சுடா" என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள். வீரணன் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றான். உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

பதினொன்று முப்பத்தொன்றுக்குக் கார் திரும்பி வந்தது. பத்தொன்பது நிமிடம். முருகம்மாள்தான் ஓட்டி வந்தாள். இன்ஸ்பெக்டர் இறங்கினார். அவர் வலது கை விரல்கள் கறுப்பாக இருந்தன. வெள்ளைச் சட்டையில் படாமல் கையை விலக்கிப் பிடித்திருந்தார்.

நடந்ததை அவள் பிற்பாடு சொன்னாள். நானும் அன்றே குறித்துக்கொண்டேன். ஒரு காலி மனையருகே பின்னால் எடுக்கச் சொன்னாராம். பின்கியருக்கும் ஒன்றாம் கியருக்கும் நடுவில் தடி மாட்டிக்கொண்டது. அசைக்க முடியவில்லை. "இறங்கும்மா, உன் ஆளைக் கூப்பிடு" என்றாராம். அவள் கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, "ஒரு நிமிஷம் சார்" என்று இறங்கி முன்மூடியைத் திறந்தாள். நெம்புகோலைக் கையால் தள்ளி நடுநிலைக்குக் கொண்டுவந்தாள். அம்பாசிடர் டிரைவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். அதற்குள் அவரும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கொண்டை ஊசி சார்."

"யார் போட்டது?"

"நான்தான் சார். காலைல பின் விழுந்திருச்சு. கடை தெறக்கல."

அவர் ஊசியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். திருகிப் பார்த்தார். வரவில்லை. பிறகு அவளை ஏற்றி, அதே இடத்தில் மூன்றுமுறை பின்னால் எடுக்கச் சொன்னார். மூன்றுமுறையும் எடுத்தாள்.

இப்போது அவர் எங்களைப் பார்த்தார். "இந்த வண்டி யாருது?"

"நம்மளுதுதான் சார்" என்றான் வீரணன்.

"வண்டி பெயில்" என்றார். ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார். "ஓட்டின ஆள் பாஸ். ஆனா சரியான காட்டர் பின் போடாம இந்த வண்டி இங்கிருந்து நகரக் கூடாது. போட்டுட்டு எனக்குக் காட்டிட்டுப் போகணும்."

வீரணன் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய் ஆறு பின் வாங்கி வந்தான். முருகம்மாள் ஒன்றைப் போட்டுக் கால்களை அகட்டிவிட்டு, அவரை அழைத்துக் காட்டினாள். அவர் தலையசைத்தார். எடுத்த ஊசியை ஒச்சம்மாள் கேட்டு வாங்கினாள். கிரீஸை முந்தானையில் துடைத்து, வளைந்த கால்களை நிமிர்த்தப் பார்த்தாள். ஒன்று நிமிர்ந்தது, மற்றது கோணலாகவே நின்றது. அப்படியே கொண்டையில் செருகிக்கொண்டாள்.

மாலை நான்கு பத்துக்கு டாக்டரம்மாவின் மேசையில் தாளை வைத்தோம். அவர் பார்த்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து வேன் சாவியை எடுத்து முருகம்மாளிடம் கொடுத்தார்.

அவளுடைய முதல் பயணம் மறுநாள் செவ்வாய், காலை ஏழு இருபது. கொட்டாம்பட்டி அருகே ஒரு கிராமம், போக வர நாற்பத்து நான்கு கிலோமீட்டர், ஒரு கர்ப்பிணி. பதிவேட்டில் டிரைவர் பெயர் எழுதும் இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். அந்தக் காலை வேன் புறப்படுமுன் நான் சுற்றி வந்து பார்த்தேன். முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், ஏழு மிளகாய், ஒரு கரித்துண்டு. வெள்ளை நூலில் கோத்து, நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.